கூதிர்காலக் கொல்லை: காவிரி டெல்டாவின் வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று வழங்குகிறது. டெல்டாவின் ஆண்டு மழையில் மிகப்பெரிய பங்கை வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்ப்பதும் பெரும்பாலும் இந்த இரு மாதங்களில்தான். குளிர்நாடுகளில் இதே காலம் தோட்டத்தைத் துயிலவைக்கும் காலமாகும். உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவிப்பதும், உறைபனி இறங்குமுன் கிழங்குகளைத் தோண்டி உள்ளே வைப்பதும் அங்கே உரிய வேலைகள். அந்நாடுகளின் தோட்ட நாட்காட்டிகளைப் பின்பற்றி எழுதப்படும் குறிப்புகள் இங்கும் புழங்குகின்றன; ஆனால் வேம்பு மாசி பங்குனியில் இலையுதிர்க்கும் இந்த மண்ணில், உறைபனி என்பதே கிடையாத இந்தச் சமவெளியில், அவற்றால் விளையும் பயன் குறைவு. இங்கே கூதிர்காலத்தின் தலையாய வேலை தேங்கும் நீரை வெளியேற்றுவதே ஆகும். மற்ற வேலைகள் யாவும் அதைச் சார்ந்தே நிற்பதால், இம்மடலின் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

நெல்லோடு வாழ்ந்து பழகிய நாட்டில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயலில் நீர் நின்றால் மனம் நிறைவது டெல்டாவின் இயல்பு. அந்த நிறைவு கொல்லைக்குப் பொருந்தாது. நெல்லின் தாளிலும் வேரிலும் காற்றறைத் திசு எனப்படும் நுண்ணிய வெற்றிடங்கள் தொடர்ச்சியாக அமைந்திருப்பதால், நீருக்கு மேலே நிற்கும் இலைகள் வழியாக வரும் உயிர்வளி சேற்றுக்குள் இருக்கும் வேர் நுனிவரை சென்று சேர்கிறது. கத்தரி, மிளகாய், தக்காளி, முருங்கை, பப்பாளி ஆகியவற்றுக்கு இத்தகைய அமைப்பு இல்லை. அவற்றின் வேர்கள் மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றை நம்பியே வாழ்கின்றன. அந்த இடைவெளிகளில் நீர் புகுந்துவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே உயிர்வளி நீரில் பரவும் என்பதால், இரண்டு மூன்று நாட்களுக்குள் வேர்கள் மூச்சு முட்டி அழுகத் தொடங்குகின்றன. பழைய டெல்டாவின் களிப்பாங்கான வண்டல்மண் நீரை மெல்லவே கீழிறக்கும்; நெல்லுக்கு வரமாக அமைந்த அந்தக் குணமே கொல்லைச் செடிக்குக் கேடாக முடிகிறது.

இந்நிலையில் செடி காட்டும் அறிகுறி பலரையும் ஏமாற்றிவிடுகிறது. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாதாகையால், காலடியில் நீர் நிற்கும்போதே இலைகள் துவண்டு தொங்கும். மண்ணில் உயிர்வளி அற்றுப்போனதும், நைட்ரேட் வடிவில் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிரிகள் வளிமமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுவதாலும், எஞ்சியதை மழைநீர் கரைத்து அடித்துச் செல்வதாலும், அடியிலைகள் மஞ்சள் பூக்கும். சத்துக் குறைவு என்று எண்ணி அப்போது யூரியா தூவுவது வீண்செலவு மட்டுமன்று, நொந்த வேருக்கு மேலும் ஒரு சுமையும் ஆகும். நீரை வடியவிட்டு, மண் சற்றே உலர்ந்து புதுவேர் பிடித்த பின்னரே எந்த உரமும் பயன் தரும். ஆகவே ஐப்பசி பிறந்தபின் மேலுரம் இடுவதை நிறுத்திவைத்து, கார்த்திகைக் கடைசியில் மழை ஓயும்போது மக்கிய தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் இடுவது முறை.

எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தஞ்சை வட்டார வழக்கில் ஒரு குழி என்பது 144 சதுர அடி. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு குழியில் மட்டும் விழுவது ஏறத்தாழ 1,300 லிட்டர். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 660 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அந்த அளவில் ஒரு குழிக்கு 8,800 லிட்டருக்கும் மேல் வரும். இதனுடன் மாடிநீர் சேர்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியின் முழுநீரும் ஒரே குழாய் வழியாகக் கொல்லையின் ஒரு மூலையில் கொட்டுமானால், அந்த மூலையில் எந்தச் செடியும் நிலைக்காது. மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அப்போது வெட்டிய உறைகுழிகள் பல வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன. புரட்டாசியில் குழியைத் திறந்து, மேலே படிந்த சேற்றை அள்ளி, மணலையும் சரளையையும் கழுவி மீண்டும் இட்டால், நிலத்தடி நீரும் பெருகும், கொல்லையும் தப்பும்.

மேட்டுப்பாத்தி என்பது சுற்றுத் தரையைவிட அரையடி முதல் முக்காலடி உயரத்தில், இருபுறமிருந்தும் கைக்கு எட்டும் அளவில் மூன்றடி அகலத்துக்கு அமைக்கும் பாத்தியாகும். இதைப் புரட்டாசி வெயிலிலேயே அமைத்துவிட வேண்டும். மழை பிடித்தபின் களிமண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் அதன் துகளமைப்பு குலைந்து, காய்ந்ததும் கட்டியாக இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்தி உருண்டையாக்கி, விரலால் தட்டினால் உதிர்ந்தால் கொத்தலாம். உதிராமல் விரலில் ஒட்டினால் மண்வெட்டியை எடுக்கக்கூடாது. பாத்திகளுக்கு இடையே ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் கோலி, அவை யாவும் கொல்லையின் தாழ்ந்த பக்கத்தை நோக்கிச் சாயும்படி செய்ய வேண்டும். பாத்தி மண்ணுடன் மக்கிய குப்பை, உமிச்சாம்பல், பழைய உமி ஆகியவற்றைக் கலப்பது களிமண்ணை இளக்கும். நெல் அரைவை ஆலை இல்லாத ஊர் டெல்டாவில் அரிது என்பதால் இவற்றுக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு முயன்றாலும் ஈரம் வடியாத பள்ளம் ஒன்று எஞ்சினால், அதனோடு போராடாமல் சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி போன்ற ஈரம் விரும்பிகளுக்கு அதனை விட்டுவிடுவதே அறிவுடைமை.

இந்த விதி எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதில்லை. கல்லணைக் கால்வாய், அதாவது புது ஆறு, பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் செம்மண்ணும் சரளைப்பாங்கும் மிகுதி. அங்கே நீர் விரைவில் இறங்கும், ஆனால் சத்தும் அதனுடனேயே இறங்கிப் போகும். யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்து விரைந்து வடிவதால், அங்குள்ளவர்கள் இதே வடகிழக்கு மழையை நம்பி விதைக்கிறார்கள். அந்த முறையைத் திருவாரூர்க் களிமண்ணில் அப்படியே பின்பற்றினால் விதை அழுகும். வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோரப் பகுதிகளின் நிலை முற்றிலும் வேறு. அங்கே கோடையில் மேலேறி வரும் உப்பைக் கழுவ மழைநீரைவிடச் சிறந்த மருந்து இல்லை. ஆகவே நடவுக்கு முன்னர் வெற்றுப் பாத்தியைச் சுற்றி வரப்பெடுத்து, முதல் பெருமழையின் நீரை ஓரிரு நாள் நிறுத்தி, உப்பு கரைந்தபின் வடிப்பது முறையாகும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த நாகை நிலங்களில் படிந்த உப்பைக் கரைத்து வெளியேற்றியதில் பின்வந்த பருவமழைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

நீருக்கு அடுத்தபடியாகக் கூதிர்காலம் கொண்டுவருவது காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறைகளாக வளர்ந்த தென்னந்தோப்புகளை ஓரிரவில் சாய்த்த துயரம் இந்த மடலைப் படிப்போர் பலரின் வீட்டுத் துயரமே. அத்தகைய காற்றை எந்த முன்னேற்பாடும் முழுமையாகத் தடுத்துவிடாது. ஆயினும் மழையில் ஊறி இளகிய மண் வேரைப் பிடித்துவைக்கும் வலுவை இழந்துவிடுவதால், மரத்தடியில் நீர் நிற்காமல் பார்ப்பதும், மேற்பாரத்தைக் குறைப்பதும் இழப்பைக் குறைக்க வல்லவை. புயல் எச்சரிக்கை வந்ததும் தென்னையில் முற்றிய காய்களை இறக்கி, காய்ந்து தொங்கும் அடிமட்டைகளைக் கழிக்க வேண்டும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் மரத்தை ஒட்டி வெட்டாமல் நான்கடி விட்டு வெட்டுவது நல்லது. தண்டில் ஏற்படும் காயத்தின் மணம் சிவப்புக் கூன்வண்டை அழைத்துவந்துவிடும்.

முருங்கை முறியும் தன்மை உடையது. அதைப் புரட்டாசியிலேயே ஆள் உயரத்துக்குக் கழித்துவிட்டால் காற்றுக்கும் தப்பும், மழைக்குப்பின் அடிமரத்தில் திரளும் கம்பளிப்பூச்சிகளைக் கண்டு அகற்றுவதும் எளிதாகும். வாழைக்குக் குலை தள்ளியதும் மூங்கிலோ சவுக்கோ கொண்டு முட்டுக் கொடுத்து, அடியில் மண்ணணைத்து, புள்ளி விழுந்து கருகிய இலைகளை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். இலைப்புள்ளி நோயின் வித்துகள் ஈரக்காற்றில் பரவுபவை. மாவைக் கழிக்கும் காலம் ஆவணி புரட்டாசியோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் வெட்டினால் மார்கழி தையில் பூக்க வேண்டிய கிளைகளே போய்விடும்.

தென்னையைப் பொறுத்தவரை இன்னொன்றையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் வாடல் நோய் என்று இந்த மண்ணின் பெயராலேயே அறியப்படும் அடித்தண்டழுகல், 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் தஞ்சைக் கடலோரத் தென்னைகளில் கடுமையாகத் தென்பட்டது. கேனோடெர்மா என்னும் பூசணம் மண்ணிலிருந்து வேர்வழியாக ஏறி இதனை உண்டாக்குகிறது. அடிமரத்தின் வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடிவதும், வெளிச்சுற்று மட்டைகள் மஞ்சளித்துத் தொங்குவதும், மழைக்காலத்தில் அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான் முளைப்பதும் அதன் அடையாளங்கள். நோயுற்ற மரத்தடியில் ஓடிய நீர் நல்ல மரத்தின் பாத்தியில் பாய்ந்தால் பூசணமும் உடன் செல்லும் என்பதால், வடிகால் கோலும்போது அந்த மரத்தைச் சுற்றி இரண்டரை அடிக்குக் குறையாத ஆழத்தில் ஒரு தனிமைப் பள்ளம் எடுத்து, வடிநீர் அதன் பக்கமே போகாதபடி வழியமைக்க வேண்டும். மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ வேப்பம்பிண்ணாக்கை, ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்துடன் கலந்து இடுவதும், ஒரு சதவீத போர்டோ கலவையை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் வேர்ப்பகுதியில் ஊற்றுவதும் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் அடங்கும். இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாகாது. போர்டோ கலவையிலுள்ள செம்பு நன்மை செய்யும் பூசணத்தையும் பாதிக்கும்.

போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுட்ட சுண்ணாம்பும் சேர்ந்த பூசணக்கொல்லி. பத்து லிட்டர் ஒரு சதவீதக் கலவைக்கு 100 கிராம் துத்தத்தை ஐந்து லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை மற்றோர் ஐந்து லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் நனைத்து எடுக்கும்போது செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இளந்தென்னையில் நடுக்குருத்து மஞ்சளித்து, இழுத்தால் கையோடு வந்துவிடும் குருத்தழுகல் நோய்க்கும், அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு இதே கலவையைக் கெட்டிப் பசையாக்கித் தடவி, மழைநீர் புகாதபடி மூடிவைப்பது மருந்தாகும். ஐயம் எழுந்தால் பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையமும், நீடாமங்கலம், சிக்கல் ஆகிய ஊர்களின் வேளாண் அறிவியல் நிலையங்களும் டெல்டாக்காரர்களுக்கு அருகிலேயே உள்ளன.

விதைப்பைப் பற்றிச் சொல்வதானால், கூதிர்காலத்தின் பயிர் அவரை. நாட்டு அவரை பகலின் நீளத்தை உணர்ந்து பூப்பது. ஆடி ஆவணியில் ஊன்றிய கொடி, எவ்வளவு தழைத்திருந்தாலும், பகல் குறுகி இரவு நீளும்வரை மொட்டு வைக்காது. தஞ்சையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாட்டைக் கொடி உணர்ந்து ஐப்பசி கார்த்திகையில் பூத்து, மார்கழி தையில் காய்த்துக் கொட்டுகிறது. இம்மாதங்களில் பந்தலை வலுப்படுத்துவதும், தளிர்களில் மொய்க்கும் அசுவினியை நீர் பீய்ச்சிக் கழுவுவதும், தெருவிளக்கின் வெளிச்சம் இரவு முழுதும் விழும் இடத்தில் பந்தல் போடாமல் இருப்பதுமே போதும். மார்கழிக் கோலத்தில் பரங்கிப்பூ வைக்க விரும்புவோர் ஐப்பசியிலேயே மேடான குழியில் பரங்கி விதையை ஊன்றிவிட வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பூ வரும்.

தை நடவுக்கான கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளைக் கார்த்திகையில் விடலாம். ஆனால் திறந்த வெளியில் விட்டால் நாற்றழுகல் தாக்கும். முளைத்த நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நீர்கோத்து மெலிந்து, நாற்று கூட்டம் கூட்டமாகச் சாய்வதே அந்நோய். கிலோ விதைக்கு நான்கு கிராம் வீதம் ட்ரைக்கோடெர்மா கலந்து, கூரைச் சரிவுக்கு அடியில், வடியும் தட்டுகளில், நெருக்கமின்றி விதைத்தால் பெரும்பாலும் தப்பலாம். கீரை விதைப்பை அடைமழை நாட்களில் ஒத்திவைப்பதே மேல். நாட்கணக்கில் விடாது பெய்யும் மழை சிறுவிதைகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

நத்தையைப் பற்றிச் சுருக்கமாக ஒரு சொல். ஆப்பிரிக்க நத்தை மழை இரவுகளில் திரளாக வெளிவரும். நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலைகளைப் பரப்பி வைத்தால் விடியலில் அங்கே கூடியிருக்கும். அவற்றைக் கையுறையின்றித் தொடாமல் பொறுக்கி உப்புநீரில் இட வேண்டும், ஏனெனில் மனிதரைத் தாக்கும் ஒருவகைப் புழு அவற்றில் இருக்கக்கூடும். மாடித்தோட்டத்தில் பைகளின் வடிதுளைகளைக் குத்திச் சரிபார்ப்பதும், தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுவதும் கட்டாயம். தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால் தளத்துக்குப் பாரமும் ஏறும், தட்டில் நிற்கும் தெளிந்த நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் பெருகும்.

கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், மழை விடும் இடைவெளி பார்த்துக் குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி அளவுக்கு வெட்டி, தழையுதிர்த்து, எருவிட்டு மண்ணணைக்க வேண்டும்; மாசியில் தொடங்கும் பூவுக்கு அதுவே அடிப்படை. தென்னங்கன்றும் பழமரக் கன்றும் மழையின் உச்சத்தில் நடப்படுவது டெல்டாவில் பரவலான வழக்கம். குழி நிறைய நீர் நிற்கும் அந்நாட்களைத் தவிர்த்து, டிசம்பர், ஜனவரியில் நடுவதே பாதுகாப்பு. குறுவை அறுவடையில் கிடைத்த வைக்கோலை நனையாமல் எடுத்துவைத்திருப்போர், மழை ஓய்ந்ததும் அதைத் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி மூடாக்காகப் பரப்பினால், மார்கழி தையின் வறண்ட காற்றில் மண்ணீரம் நிலைக்கும். அடைமழையின்போதே பரப்பினால் அது நத்தைக்குப் புகலிடமாகும்.

இம்மடல் தனியொரு வீட்டுக்கு எழுதப்படாமல் எல்லோருக்கும் எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கொல்லையின் வடிகால் அடுத்த கொல்லையின் ஓரமாகவே செல்கிறது. அங்கே அடைபட்டால், இங்கே எத்தனை மேட்டுப்பாத்தி அமைத்தும் பயனில்லை. டெல்டாவின் தரைச்சரிவு மிக மெல்லியது என்பதால் நீர் தானாக விரைந்து ஓடிவிடாது. பாசன வாய்க்கால் வேறு, வடிவாய்க்கால் வேறு என்று முன்னோர் பிரித்து வைத்ததும் இதனால்தான். தஞ்சை நகரில் சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் நிலத்தடி வழியே சிவகங்கைக் குளத்துக்கு வந்து நிறைந்த ஏற்பாடு, வடியும் நீருக்குப் போக்கிடமும் பயனும் ஒருசேர அமைத்த ஊர் இது என்பதைக் காட்டுகிறது. இன்று அத்தகைய போக்கிடங்கள் பல மனைகளாகியும், மிஞ்சியவை நெகிழிப்பைகளாலும் ஆகாயத்தாமரையாலும் அடைபட்டும் கிடப்பது வேதனைக்குரியது.

ஆகவே ஒவ்வொரு தெருவினரும் புரட்டாசியின் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தம் கொல்லைக் கடைசியிலிருந்து வடிவாய்க்கால் வரை நடந்து பார்த்து, நீர் போகும் வழியில் உள்ள அடைப்புகளை ஒன்றுகூடி நீக்க வேண்டும். ஆக்கிரமிப்போ உடைந்த மதகோ தென்பட்டால், ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எல்லோரும் கையொப்பமிட்டு எழுதித்தர வேண்டும். கழிவுநீர் கலவாத வாய்க்காலில் அள்ளிய வண்டலைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் அது மீண்டும் உள்ளே இறங்கிவிடும். அதை வீடுதோறும் பகிர்ந்து எடுத்துச்சென்று, புரட்டாசி வெயிலில் காயவிட்டுப் பொடித்து, புதிதாக அமைக்கும் மேட்டுப்பாத்திகளுக்கு இடலாம்.